பாரம் குறைத்தவள்

என் மனைவி சிவாஜினி ஆறு வருடம் கப்பல் ஓட்டினாள். திருகோணமலையில் இதைச் சொன்னால் எந்தத் துறையில், யாருடைய கப்பலில் என்று கேட்பார்கள். துறையும் கிடையாது, கப்பலும் கிடையாது. பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, யாரோ பாவித்துவிட்டு விற்ற மடிக்கணினிக்குள் ஓட்டினாள். அந்தக் கப்பலில் இருந்து அவளை இறக்கிவிட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் பாதி என்மேல்.

நான் கோணேஸ்வரன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஆலை ஒன்றில் மெக்கானிக். விளையாட்டு என்றால் எனக்குக் கரம்போர்ட்டும் கிரிக்கெட்டும்தான். சிவாஜினியின் விளையாட்டை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்து ஆடுவது அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்கி, நான் இப்போது இதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். நாலு பேரும் நாலு நாட்டில் இருந்தால் மேசைக்கு எங்கே போவது? அதனால் மேசை இணையத்தில் இருந்தது. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் வரைபடம், பாத்திரங்களின் பொம்மைகள், தாயக்கட்டை எல்லாம் அதிலேயே வரும். அவர்கள் அதை மேசை என்றே சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த நாலு பேரும் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கிண்ணியாக்காரன் றுமைஸ் இப்போது டோஹாவில். கதை சொல்கிறவன் அவன்தான், மேசையும் அவன் பெயரில்தான். யதுர்சன் லண்டனில். தயாளினி ரொறன்ரோவில், அவளும் சிவாஜினியும் இரண்டு வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். வகுப்பில் முதலாவதாக வந்தது சிவாஜினி. ஆனால் அந்த வருடம் தம்பலகாமத்தில் அவளுடைய தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்தார். மற்ற மூன்று பேரும் விமானம் ஏற, இவள் அரசாங்கப் பரீட்சை எழுதி, ஒரு கந்தோரின் களஞ்சியப் பிரிவில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாள். தகப்பன் போய் எட்டு வருடம் ஆகிறது. அவள் இன்னும் அதே கந்தோரில், அதே ஜன்னல் பக்கத்தில் இருக்கிறாள்.

கொரோனாக் காலத்தில் நாலு நாடும் பூட்டிக் கிடந்தபோது தொடங்கியது அந்த மேசை. சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்குக் கூடும். அந்நேரம் டோஹாவில் மூன்று மணி, லண்டனில் மத்தியானம், ரொறன்ரோவில் காலைச் சாப்பாடு. கதை முழுக்கக் கடல், தீவுகள், கொள்ளைக்காரர். சிவாஜினியின் பாத்திரத்தின் பெயர் வலம்புரி. பாறைகளுக்கு நடுவே கப்பலைக் கொண்டுபோக வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் எந்தத் தீவுக்குப் போனாலும் றுமைஸ் கதையை நிறுத்திக் கேட்பான்:

"வலம்புரி என்ன சொல்றாள்?"

எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். இவள் கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசிப்பாள். பிறகு, "பாயை இறக்குங்கோ. நீரோட்டத்தோட போவம்" என்பாள். அந்தக் குரல் எனக்குப் புதிது. கந்தோரில் அவளிடம் பைல் எடுத்து வரச் சொல்வார்கள். நான் தேத்தண்ணி கேட்பேன். ஒரு முடிவை அவளிடம் விட்டுவிட்டு மூன்று பேர் காத்திருந்தது உலகத்திலேயே அந்த ஒரு மேசையில்தான். இதை நான் அப்போதே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பகிடிதான் வந்தது.

"என்னப்பா, இண்டைக்கு மீன் ஏதும் பட்டுதோ? ஐஸ் அனுப்பட்டோ?"

"கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்பாள். சிரிக்கவும் மாட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே எழும்பமாட்டாள். மேசையில் வலம்புரிக்கென்று இருந்த பக்கத்தில் அன்றைக்கு நடந்ததை ஒரு பந்தி எழுதுவாள். வலம்புரியே எழுதுகிற நாட்குறிப்பு மாதிரி. ஆறு வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல். நான் ஒரு பந்திகூட வாசித்ததில்லை.

வருடங்கள் போகப் போக மேசை பாரமாகிவிட்டது. மூன்று பேரும் நல்ல கணினி வாங்கி வைத்திருந்தார்கள், அதனால் கைக்கு வந்ததையெல்லாம் ஏற்றினார்கள். அசைகிற கடல், மினுங்குகிற விளக்குகள், ஒவ்வொரு தீவுக்கும் வீட்டுக் கூரை வரை தெரிகிற வரைபடம். எங்கள் மடிக்கணினி அதைத் திறக்கும்போது உள்ளே காற்றாடி இரைகிற இரைச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். படம் உறைந்து நிற்கும். இவள் தாயக்கட்டையை உருட்டி முடித்து அது மற்றவர்களுக்குத் தெரிவதற்குள் யதுர்சன், "சிவா, இருக்கிறியா? திரும்பவும் நிண்டிட்டுதா?" என்று கேட்பான். ஒருநாள் அவன், "சிவா பாத்துக்கொண்டிருக்கட்டும், அவளின்ர முறைக்கு நான் உருட்டிவிடுறன்" என்று சொன்னது கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. 

அடுத்த திங்கட்கிழமை கந்தோரால் வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் மடிக்கணினியைத் திறந்தாள். என்னுடைய கைத்தொலைபேசியை வாங்கி, மேசை திறக்க எவ்வளவு நேரம் என்று அளந்தாள். நாலு நிமிடம் பத்து செக்கன்.

"புது மிசின் ஒண்டு வாங்குவமோ?" என்றேன். வாங்க வழி இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மிசினில பிழை இல்ல. மேசையில குப்பை கூடிப்போச்சு" என்றாள்.

அவள் அதைத் துப்புரவாக்கிய விதத்தை விளங்கவேண்டுமானால் அவளுடைய கந்தோரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அரசாங்கக் கந்தோர்களில் வருடத்துக்கு ஒருமுறை பொருட் கணக்கெடுப்பு நடக்கும். வெளியில் இருந்து மூன்று பேர் கொண்ட குழு வந்து மேசை, கதிரை, அலுமாரி, மின்விசிறி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பாவனையில் இருக்கிறதா இல்லையா என்று எழுதுவார்கள். பாவனையில் இல்லாததைக் கழித்துவிடுவார்கள். சிவாஜினிக்கு வருடத்தில் பிடித்த நாட்கள் அவைதான். பத்து வருடத் தூசியைக் கிளறிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வருவாள்.

ஒருமுறை சாப்பாட்டுப் பெட்டியை மறந்துபோய்விட்டாள் என்று கணக்கெடுப்பு நாளில் கொண்டுபோய்க் கொடுக்கப் போயிருந்தேன். அங்கே அபூதாஹிர் என்று ஒரு வயதான எழுதுவினைஞர் நெஞ்சு வருத்தத்தில் நாலு மாதமாக லீவு. அவருடைய கதிரை சும்மா கிடந்தது. குழுவில் வந்த ஒருவர் அதைத் தட்டிப் பார்த்து, "இது பாவனையில் இல்லைத்தானே?" என்று பேனையை எடுத்தார். பிரிவு முழுக்க ஒரே நேரத்தில் தலை நிமிர்த்தியது. சிவாஜினி எழும்பிப்போய்த் தன்னுடைய கைப்பையைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் வைத்தாள்.

"ஆள் லீவில, சேர்" என்றாள்.

அவ்வளவுதான். அந்த மனிதர் பேனையை மூடிக்கொண்டு அடுத்த கதிரைக்குப் போனார். வெளியே வரும்போது, "இது சட்டத்தில இருக்கோ?" என்று கேட்டேன். "எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்ல. இதையெல்லாம் எழுதி வைக்க வேணுமோ? ஆள் லீவு எண்டாக் கதிரையைத் தொடுறதில்ல. எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

மேசைக்கும் அதே கணக்கெடுப்பைத்தான் செய்தாள். றுமைஸிடம் சொல்லி உள்ளே கை வைக்க அனுமதி வாங்கினாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள், திரும்ப நேரத்தை அளப்பாள், கொப்பியில் குறிப்பாள். பிரவுசரில் ஒட்டிக்கிடந்த தேவையில்லாத செயலிகளைக் கழற்றியதில் இருபது செக்கன் குறைந்தது. படம் வரைகிற வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கிற சுவிட்ச் ஒன்று பிரவுசருக்குள் யாரும் கவனியாமல் அணைந்து கிடந்தது. அதைப் போட்டதும் உறைந்து நின்ற கடல் அசைந்தது. அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் புட்டுக்கு மா குழைத்த கையோடு வந்து, "ஓம், தண்ணி ஓடுதுதான்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

பிறகு வரைபடங்கள். யதுர்சன் ஏற்றியிருந்த ஒரு நகரத்தின் படம் சுவரில் ஒட்டுகிற அளவுக்குப் பெரியது. எல்லாப் படத்தையும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருக்கினாள். அந்த நகரத்தின் மதில்களை எவனோ கல்லுக் கல்லாகத் தொட்டு வரைந்திருந்தான், தொளாயிரம் துண்டு. ஒவ்வொரு பொம்மை நகரும்போதும் தொளாயிரத்தையும் கணினி கணக்குப் பார்க்கவேண்டும். இவள் அதை அழித்துவிட்டு நூற்றிருபது நேர்கோட்டில் முடித்தாள். சந்தையில் அறுபது விளக்கு மினுங்கியது, மினுங்கலை நிறுத்தினாள். நாலு நிமிடம் எடுத்தது ஒரு மாதத்தில் வெறும் நாற்பது செக்கனாகக் குறைந்தது. மற்ற மூவருக்கும் இன்னும் கெதியாகத் திறந்தது. அவர்களுக்கும் அதுவரை சிக்கிச் சிக்கித்தான் ஓடியிருக்கிறது. வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனியும் குப்பை சேரக்கூடாது என்பதற்காக ஒரு தாள் எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில் போட்டாள். தலைப்பு, 'மேசைப் பொருட் கணக்கெடுப்பு'. பதினாலு இலக்கம், எல்லாம் கந்தோர்த் தமிழில். ஆறாம் இலக்கம்: இரண்டு மாதம் திறக்கப்படாத படங்கள், ஒலிகள், பாத்திரங்கள் அனைத்தும் அகற்றப்படல் வேண்டும். ஒன்பதாம் இலக்கம்: வாரம் ஒருமுறை மேசையின் முழுப் பிரதி ஒன்று எடுக்கப்படும்; முந்தைய பிரதி நீக்கப்படும். மூன்று பேரும் சிரிசிரி என்று சிரித்தார்கள். "சிவா எங்கட மேசையையும் கந்தோர் ஆக்கிட்டாள்" என்றான் றுமைஸ். அவளும் சிரித்தாள். அன்றைக்கு வலம்புரி ஒரு புயலுக்குள்ளால் கப்பலைக் கொண்டுபோனாள், ஒரு இடத்திலும் படம் நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து, "நானும் தேத்தண்ணி குடிக்கப்போறன், போடுங்கோ" என்று எனக்கு உத்தரவு போட்டாள். போட்டேன்.

அதற்குப் பிறகு ஆவணி மாதம் நான் விழுந்தேன். ஆலையில் குளிரூட்டும் கோபுரத்தில் ஏறும்போது பூட்ஸ் போடவேண்டும். அந்தப் பூட்ஸ் காலில் கடிக்கிறது என்று ரப்பர் செருப்போடு ஏறினேன். ஈர ஏணி. பன்னிரண்டு அடி. வலது கால் இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்து, தொடை வரை கட்டுப் போட்டார்கள். முழுக்க என்னுடைய பிழை. ஆலையில் யாரையும் குறை சொல்ல ஏலாது.

சிவாஜினி லீவு போட்டாள். முதல் மாதம் ஆஸ்பத்திரியும் வீடும். பிறகு வீட்டில் என்னைத் தூக்குவது, துடைப்பது, படுக்கையில் சட்டி வைப்பது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, பார்க்க வேறு ஆளும் இல்லை. மடிக்கணினி அலுமாரிக்குள் போனது. முதல் வாரமே நாலு பேரின் குழுவில் எழுதியிருந்தாள்: அவர் விழுந்திட்டார், கொஞ்ச நாளைக்கு வரமாட்டன். கும்பிடுகிற கைகள் மூன்று, பூங்கொத்து ஒன்று பதிலாக வந்தன.

அந்த மூன்று மாதத்தில் சனிக்கிழமை ஐந்தரை பதின்மூன்று முறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் மணிக்கூட்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். "போய் இரண்டு மணித்தியாலம் விளையாடும்" என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கட்டுக்குள் கால் சொறியும். சொறியத் தொடங்கினால் விசர் வரும். "இஞ்ச வாரும், ஈர்க்கைக் கொண்டு வாரும்" என்பேன். ஐந்தரைக்கு அவள் என் கட்டுக்குள் ஈர்க்குக் குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். எனக்குச் சுகமாக இருந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இடையில் ஒரே ஒருமுறை றுமைஸிடம் இருந்து தனியாகச் செய்தி வந்தது. கால் எப்படி என்று கேட்கவில்லை. மேசை திரும்பவும் பாரமாகிறது, ஆறாம் இலக்கத்தின்படி பழையவற்றை ஒன்றொன்றாகத் தேடாமல் மொத்தமாகப் பொறுக்கி எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருந்தான். நாங்கள் அப்போது கிளினிக் வாங்கில் இலக்கம் கூப்பிடும்வரை இருந்தோம். இவள் முகம் மலர்ந்து, எந்தத் திகதியைக் கொடுக்கவேண்டும், எதை அழுத்தவேண்டும் என்று அந்தச் சின்னத் திரையில் ஏழு வரி எழுதி அனுப்பினாள். "என்னைத் தேடுறாங்கள்" என்று என்னிடம் சொன்னாள்.

கட்டு வெட்டிய வாரம், சனிக்கிழமை, ஐந்து மணிக்கே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நான் ஊன்றுகோலோடு அந்த அறையிலேயே சாய்வுக் கதிரையில் இருந்தேன். இந்த முறை அவள் கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

"இஞ்சருங்கோ, உங்கட போனைத் தாங்கோ" என்று வாங்கி அளந்தாள். பிரவுசரைத் திறந்தாள். மேசை வந்துவிட்டது. "எட்டு செக்கன்! பாத்தீங்களே, எட்டே எட்டு செக்கன்!" அப்படி அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

பிறகு அவள் விரல் திரையில் மேலும் கீழும் போனது. இடது பக்கம் பாத்திரங்களின் பெயர் வரிசையாக இருக்கும். திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒருமுறை மூடித் திறந்தாள். அதற்குள் மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். சிவா, சிவா என்று கலகலப்பாகக் கூப்பிட்டார்கள். அண்ணைக்குச் சுகமா என்று தயாளினி கேட்டாள்.

"வலம்புரியக் காணேல்ல" என்றாள் சிவாஜினி.

ஒரு நிமிடம் சத்தம் இல்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நான் நினைத்தேன். கடல் அழகாக அசைந்துகொண்டிருந்தது.

"அது... நீ எழுதின தாள்படிதான் செஞ்சம் சிவா" என்றான் றுமைஸ். "ஆறாம் இலக்கம். நீ சொல்லித்தந்த மாதிரி மொத்தமாப் பொறுக்கினம். தயாளினிதான் அழுத்தினது."

"நான் பேர் பேராப் பாக்கேல்லயடி" என்றாள் தயாளினி. "முன்னூறு சொச்சம் இருந்தது. எல்லாத்தையும் ஒண்டாத் தெரிவு செய்து..."

"எப்ப?"

"ஒரு மூண்டு கிழமை இருக்கும்."

இவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. வாரம் ஒரு பிரதி, முந்தையது நீக்கப்படும். ஒன்பதாம் இலக்கமும் அவள் எழுதியதுதான். மூன்று வாரத்தில் வலம்புரி இருந்த கடைசிப் பிரதியும் போயிருக்கும்.

"அழிச்ச பிறகும் உங்களுக்குத் தெரியேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள்.

"அடுத்த சனி தெரிஞ்சது" என்றான் யதுர்சன். "நீ வாற நேரம் சொல்லலாம் எண்டு விட்டிட்டம். கதையில பிரச்சினை இல்ல சிவா, வலம்புரி ஒரு தீவில இறங்கிட்டாள் எண்டு வைச்சிட்டம். வழி பாக்கிறதுக்கு என்ர ஆள் பழகிட்டான்."

"புதுசா ஒண்டு செய்யலாம், அஞ்சு நிமிசம்" என்றான் றுமைஸ். "ஆனா பாத்தியா, இப்ப என்ன வேகம்! உன்ர வேலைதான் எல்லாம். சும்மா சொல்லல்ல, நீ இல்லாட்டி இந்த மேசை எப்பவோ படுத்திருக்கும்."

அவன் உண்மையாகத்தான் பாராட்டினான். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நான் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். அவள் கையைக் காட்டி என்னை இருத்திவிட்டாள். "இல்ல, இண்டைக்கு நீங்கள் விளையாடுங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று அவர்களிடம் சொன்னாள். இரண்டு மணித்தியாலம் பார்த்தாள். கப்பல் பாறைகளுக்கு நடுவே போன இடத்தில் றுமைஸ் கதையை நிறுத்தி யதுர்சனின் ஆளிடம் என்ன செய்யலாம் என்று கேட்டான். ஒரு இடத்திலும் சிக்கவில்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது.

மூடியபிறகு நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். டோஹாவுக்கு அழைப்பு எடுக்கிறேன், றுமைஸின் நம்பரைத் தாரும் என்றேன்.

"சத்தம் போடாதேங்கோ. நான் எழுதினபடிதானே செய்தவங்கள்."

"ஆள் லீவு எண்டாக் கதிரையைத் தொடுறதில்ல எண்டு நீர்தானே அண்டைக்குச் சொன்னனீர்? அது அவங்களுக்குத் தெரியாதோ?"

"எல்லாருக்கும் தெரியும் எண்டு நினைச்சிட்டன்" என்றாள். "அதை நான் எழுதேல்ல."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அந்த நாட்குறிப்பில என்னப்பா எழுதினனீர்?" என்று கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப கேக்கிறீங்கள்" என்றாள். அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. ஆறு வருடம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அந்த மூன்று பேரும் அழித்தார்கள், நான் வாசிக்கவே இல்லை. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. குழுவில், புது ஆள் ரெடியா என்று கேட்டு வந்தது. பிறகு கேட்பதும் நின்றது. ஐந்தரைக்கு உடுப்பு மடித்தாள், இல்லாவிட்டால் என்னை முற்றத்தில் நடக்கவைத்தாள். நான் பகிடி விடுவதை நிறுத்திவிட்டேன். பகிடி விட வீட்டில் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

மார்கழி மழை தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, அவளாகவே அலுமாரியைத் திறந்து மடிக்கணினியை எடுத்தாள்.  திரும்பிப் போகப்போகிறாள், புது ஆள் ஒருத்தியைச் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நொண்டிக்கொண்டே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் மேசையைத் திறக்கவில்லை. அந்தத் தாளைத் திறந்திருந்தாள். பதினாலாம் இலக்கத்துக்குக் கீழே எழுதிக்கொண்டிருந்தாள். தோளுக்கு மேலால் வாசித்தேன்: '15. விடுமுறையிலுள்ள ஒருவரின் பாத்திரம், எத்தனை மாதம் திறக்கப்படாவிடினும், அகற்றப்படலாகாது. அவரது குறிப்புகளுக்குத் தனிப் பிரதி வைத்திருக்கப்படல் வேண்டும்.'

"இதை இனி எழுதி என்ன பிரயோசனம்?" என்றேன்.

"தயாளினி நேற்று செய்தி அனுப்பியிருந்தவள். அவளுக்கு மாசியில பிள்ளை கிடைக்கப்போகுது." தேத்தண்ணியை வாங்கித் தரையில் வைத்தாள். "மூண்டு நாலு மாதம் அவளால மேசைக்கு வர ஏலாது."

வலம்புரியை அழுத்தி அழித்த கை தயாளினியின் கை. அதை நான் சொல்ல வாயெடுத்தேன். சிவாஜினியின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"அப்ப நீர்? நீரும் லீவில எண்டு சொல்லிப் போடுமன். திரும்பிப் போகலாம்தானே."

"லீவு எடுக்கிறதுக்கும் அங்க ஒரு கதிரை இருக்க வேணும்" என்றாள்.

எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். பிறகு மடிக்கணினியை மூடி, அலுமாரிக்குள் போர்வைகளுக்குக் கீழே வைத்துவிட்டு வந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து எண்ணெய் பூசத் தொடங்கினாள்.